நீர்மட்டம் போதாது, நிலமட்டமும் வேண்டும்

மரக்காணத்தில் உப்பு விளைவது வெயிலால் என்று சொல்வது பாதி உண்மை. மறுபாதி, நிலத்தின் மட்டம். ஏறத்தாழ 3 டிகிரி அடர்த்தியோடு உள்ளே வரும் கடல்நீர், உப்பாகப் பூக்க 25 டிகிரியைத் தொட வேண்டும். அதைப் பெரிய பாத்தியில் தேக்கி, சுண்டவிட்டு, அடுத்தடுத்த பாத்திக்குத் திறந்து, கடைசியாக உப்பு வாரும் பாத்திக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே நிற்கும் நீரின் ஆழம் சில விரற்கடை. தரை ஓரிடத்தில் ஒரு சாண் பள்ளமானால் நீர் அங்கேயே தங்கும்; வரப்பு ஒரு சாண் இறங்கினால் ஓதத்தின்போது கழிநீர் உள்ளே ஏறும். உப்பளத் தொழிலாளி ஆண்டுதோறும் பாத்தியை மிதித்துச் சமன்செய்வது இதனால்தான்.

பாத்திக்குள் இருக்கும் மட்டத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பாத்திகள், அவற்றை ஒட்டிய ஊர், சாலை, தோப்பு எல்லாவற்றையும் தாங்கும் கரை முழுவதின் மட்டத்தை யார் பார்ப்பது என்பதே கேள்வி. மரக்காணம் புதையப்போகிறது என்று பயம் கிளப்புவது இங்கே நோக்கமில்லை. நிலத்தடி நீரை எடுத்து வாழும் ஒரு தாழ்ந்த கரையில் நிலம் இறங்கினால் அது எப்படித் தெரியவரும், தெரியவரும்போது திருத்த வழி மிஞ்சியிருக்குமா என்பதைப் பார்ப்பதே நோக்கம். இந்த இரண்டாவது கேள்விக்கான விடை அவ்வளவு நல்லதாக இல்லை.

விரற்கடையில் வாழும் கரை

சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இது. மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி விரிகிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு என்று அதைச் சொல்வார்கள். திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்து இங்கே வந்து சேர்ந்து, எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் பெருநாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றியே இருக்கும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எண்களின் கனம் தெரியும். ஐந்து மீட்டர் ஓதம் எழும் கரையில் 10 செ.மீ. தாழ்வு ஒரு பொருட்டே அல்ல. ஒரு மீட்டர் ஓதமுள்ள கரையில் அது பத்தில் ஒரு பங்கு. கழிநீர் எவ்வளவு உள்ளே ஏறும், மழைநீர் எத்தனை நாள் வெளியேறாமல் நிற்கும், எந்த வாய்க்கால் நன்னீர், எது உவர் என்பதெல்லாம் அந்தப் பங்கிலேயே தீர்மானமாகின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. மேட்டில் விழுந்த மழைக்குக் கடைசி வாசல் கழுவெளியும் கழிமுகமும்தான். அந்த வாசலின் படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அன்றிரவு பலருடைய வீட்டுக் கேள்வியாக இருந்தது. கடல்மட்டமோ 1993 முதல் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவருகிறது. நிலமும் ஆண்டுக்கு 3 மி.மீ. தாழ்ந்தால், கரையில் நிற்பவருக்குக் கடல் இரட்டை வேகத்தில் உயர்வதாகவே பொருள். கடல் உயர்வதை விழுப்புரம் மாவட்டத்தால் தடுக்க முடியாது. நிலம் தாழ்வதைப் பெருமளவு தடுக்கலாம்.

தானே பொங்கிய நீர்

இந்தக் கரையின் அடியில் இருப்பது ஒரே நீர்த்தொட்டி அல்ல. மேலே மணலும் களியும் கலந்த வண்டல். அதற்குக் கீழே கடலூர் மணற்கல். இன்னும் கீழே சுண்ணாம்புப் பாறைகளும், வானூர் மணற்கல் போன்ற மிகப் பழைய படிவுகளும். இவை மேற்கே தரையில் தலைகாட்டி, கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. மேற்கே பெய்த மழை உள்ளே புகுந்து, களிமண் அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தோடு கிழக்கே வந்து நிற்கும்.

அந்த அழுத்தம் ஒரு காலத்தில் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சான்று புதுச்சேரியில் இருக்கிறது. 1870களில் பிரெஞ்சுக்காரர் அங்கே இறக்கிய ஆழ்துளைகளில் நீர் தானே மேலெழுந்து பொங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880இல் இதைப் பற்றி எழுதினார். இப்படிப்பட்ட ஊற்று சென்னைக்கும் கிடைக்குமா என்பது அவருடைய ஆராய்ச்சி. இதே கடலூர் மணற்கல் படுகையின் தெற்குப் பகுதியில் நெய்வேலிச் சுரங்கம் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நீரை இறைக்காமல் அங்கே சுரங்கம் தோண்ட முடியாது என்பதால், 1960களின் தொடக்கத்திலிருந்தே இரவு பகலாக இறைப்பு நடக்கிறது.

புதுச்சேரிக்கு வடக்கே இன்று யாரும் தானே பொங்கும் நீரை எதிர்பார்த்துத் துளை போடுவதில்லை. நீர்மூழ்கி மோட்டாரை எத்தனை அடியில் இறக்குவது என்பதுதான் பேச்சு. தர்பூசணி, மணிலா, நெல், சவுக்கு, இறால் குட்டை, கடலோர விடுதி என்று ஒவ்வொன்றுக்கும் அடியிலிருந்தே நீர். தமிழகத்தில் 1990 முதல் விவசாய பம்புசெட்டுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம். அதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அந்த முடிவைக் குறை சொல்லி இங்கே பயனில்லை. ஆனால் அதன் ஒரு பக்கவிளைவைச் சொல்லியாக வேண்டும்: மீட்டர் ஓடாத இடத்தில் எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்ற கணக்கும் இல்லை. மதிப்பீடுதான் இருக்கிறது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளப்பது வழக்கம். அவற்றில் பல, மேலடுக்கு நீரைக் காட்டும் திறந்த கிணறுகள். ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அந்தக் கிணற்றில் நீர் கைக்கு எட்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். அதே நேரத்தில் நூறு மீட்டருக்குக் கீழே அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கலாம். மேல்கிணறு கீழடுக்கைப் பற்றி வாய் திறக்காது.

களிமண்ணின் கணக்கு

அழுத்தம் இறங்கினால் நிலம் ஏன் தாழ்கிறது? மண்ணடுக்குகளின் எடையை இரண்டு தாங்குகின்றன: மண்துகள்களின் எலும்புக்கூடு ஒன்று, துகள்களுக்கு இடையே இருக்கும் நீரின் அழுத்தம் மற்றொன்று. நீரை எடுத்தால் அதன் பங்கு எடையும் துகள்கள் மேல் விழுகிறது. மண் இயந்திரவியலுக்கு அடித்தளமிட்ட கார்ல் டெர்சாகி 1920களில் விளக்கிய விதி இது.

மணல் இந்தச் சுமையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. கொஞ்சம் இறுகும், நீர் திரும்பினால் அநேகமாக முன்போல் எழும். களிமண் வேறு ஜாதி. அதன் தகடு போன்ற துகள்கள் குறுக்கும் நெடுக்குமாக, இடையிடையே நீரைப் பிடித்து வைத்திருக்கும். முன்பு கண்டிராத சுமை வந்ததும் அவை படுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகிவிடும். செக்கில் ஆட்டி எடுத்த பிண்ணாக்கின் மேல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது எள்ளாகாது. நொறுங்கிய களியின் கதையும் அதுதான். மேலே தரை இறங்கியது இறங்கியதுதான். கீழே நீர் தங்கிய இடம் போனது போனதுதான். பிறகு எத்தனை செறிவூட்டும் குழி வெட்டினாலும், எத்தனை தடுப்பணை கட்டினாலும், அந்த இடத்தில் வைக்க இடமில்லாத நீரை வைக்க முடியாது.

இன்னொரு குணமும் உண்டு. களியிலிருந்து நீர் மெல்லக் கசிந்தே வெளியேறும். இறைப்பை இன்று நிறுத்தினாலும் தடித்த களியடுக்கு பல ஆண்டுகளுக்கு இறுகிக்கொண்டே இருக்கும். எனவே தரைமட்டத்தில் தெரியும் தாழ்வு, முன்பே செய்துவிட்ட இறைப்பின் தாமதமான ரசீது.

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1977இல் எடுத்த ஒரு புகைப்படம் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்க நிலவியலாளர் ஜோசப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் அருகே நிற்கிறார். 1925இல் தரை இருந்த உயரம் அவர் தலைக்கு மேலே, ஏறத்தாழ 9 மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கிறது. விவசாயத்துக்கு எடுத்த நிலத்தடி நீரின் விலை அந்த 9 மீட்டர்.

மரக்காணத்துக்கு ஒப்பிட வேண்டியது அதை அல்ல, வெனிஸை. கழிப்பரப்பும் தாழ்ந்த கரையும் சிறிய ஓதமும் உள்ள ஊர் அது. எதிர்க்கரையின் மார்கேரா தொழிற்பேட்டைக்காக 1950, 60களில் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டபோது வெனிஸ் சுமார் 10 செ.மீ. தாழ்ந்தது. 1970களில் கிணறுகள் மூடப்பட்டதும் தாழ்வு அநேகமாக நின்றது. திரும்ப எழுந்தது ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. ஒரு கைப்பிடி அகலத்துக்கு இறங்கிய அந்தத் தரை, கடல்மட்ட உயர்வோடு சேர்ந்து, நகரத்தை அடிக்கடி நீரில் நிறுத்தியது. இன்று கடல்வாயில் இரும்புக் கதவுகளை எழுப்பி ஊரைக் காக்க வேண்டியிருக்கிறது. அத்தனை செலவு செய்யும் கைவளம் வெனிஸுக்கு இருந்தது.

693 கி.மீ. உயரத்திலிருந்து

ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்வு கண்ணுக்குத் தெரியாது. வீடு, சாலை, மரம் எல்லாம் சேர்ந்தே இறங்குவதால் பக்கத்தில் வைத்து ஒப்பிட எதுவும் இருக்காது. முன்பு இதை அறிய நில அளவையாளர்கள் கல் நட்டு, மட்டக்கருவியோடு கிலோமீட்டர் கிலோமீட்டராக நடக்க வேண்டும். இன்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 693 கி.மீ. உயரத்திலிருந்து அதைச் செய்கிறது. அந்த வரிசையின் முதல் கோள் 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது.

முறை இதுதான். கோள் நுண்ணலையை அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்பும்போது அலையின் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் குறித்துக்கொள்கிறது. 12 நாள் கழித்து அநேகமாக அதே தடத்தில் மீண்டும் வந்து இதையே செய்கிறது. இடையில் தரை அசைந்திருந்தால் அலை போய்வரும் தூரம் மாறும், கட்டமும் மாறும். அலைநீளம் 5.6 செ.மீ.; போகவும் வரவுமாகக் கணக்கிட்டால் 2.8 செ.மீ. அசைவு ஒரு முழுச் சுற்று. ஒரு சுற்றின் சிறு பின்னத்தையும் பிரித்தறியலாம். பல ஆண்டுப் படங்களை அடுக்கிக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்வும் வெளிப்படும். இரவு, மேகம், ஐப்பசி மழை எதுவும் நுண்ணலைக்குத் தடையில்லை. தரவு இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து நிசார் கோளை அனுப்பின. அதுவும் 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்புகிறது. அதன் ஒரு ராடாரின் அலைநீளம் 24 செ.மீ.; இலைத்தழைக்குள் புகுந்து தரையைத் தொடும் வல்லமை இந்த நீள அலைக்கு அதிகம். சவுக்குத் தோப்பும் முந்திரியும் பனையும் நிறைந்த கரைக்கு இது பொருந்தும்.

இந்த முறையால் இந்தியாவில் என்ன தெரிந்திருக்கிறது? டெல்லி விமானநிலையத்தை ஒட்டிய கபஷேராவில் 2014-16இல் ஆண்டுக்குச் சுமார் 11 செ.மீ. தாழ்ந்த நிலம், 2018-19இல் 17 செ.மீ. அளவுக்கு வேகமெடுத்தது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் நிலத்தடி நீர் இறைப்பு. அதே ஆய்வில், அதே நகரத்தின் துவாரகாவில் நேர்மாறான செய்தி இருந்தது: முன்பு ஆண்டுக்குச் சுமார் 3.5 செ.மீ. தாழ்ந்துகொண்டிருந்த இடம், நீரெடுப்புக் கட்டுப்பாடும் மழைநீர் சேகரிப்பும் நீர்நிலைச் சீரமைப்பும் நடந்த பிறகு தாழ்வதை நிறுத்தி, மெல்ல மேலெழத் தொடங்கியிருந்தது.

2025 அக்டோபரில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நிதேஷ்நிர்மல் சதாசிவம் குழுவினர் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, சென்னை ஆகிய ஐந்து பெருநகரங்களை ராடார் வழியே ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், 878 சதுர கி.மீ. நிலம் தாழ்வதாகக் கண்டார்கள். சென்னையில் அதிகபட்ச வேகம் ஆண்டுக்கு 31.7 மி.மீ. சென்னையின் கதை மரக்காணத்துக்கு அப்படியே பொருந்தாது. அடியில் உள்ள மண் வேறு, மேலே உள்ள சுமை வேறு. ஆனால் இந்தக் கிழக்குக் கரை நிலம் அசையாப் பொருள் என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை என்பது மட்டும் உறுதி.

ராடார் காணாதவை

கருவி புதிது என்பதற்காக அதன் சொல்லை வேதவாக்காக எடுப்பது இன்னொரு ஆபத்து. மரக்காணத்தில் அந்த ஆபத்து கூடுதல்.

முதலாவது, உப்பளம் ராடாருக்குக் குருட்டு இடம். நீர் நிற்கும் பாத்தி அலையைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் திருப்பிவிடும். கோளுக்கு எதுவும் திரும்பாது. நீர் வடிந்த பாத்தியோ வாரத்துக்கு வாரம் மாறும்: உப்புப் படியும், வாரப்படும், மிதிக்கப்படும், வரப்பு புதிதாக அணைக்கப்படும். 12 நாள் முன்பிருந்த முகம் இன்று இல்லாத இடத்தில் ஒப்பிட ஒன்றுமில்லை. நெல்வயலுக்கும் இதே குறை. நம்பகமாகப் பதிவாகுபவை கான்கிரீட் வீடுகள், கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலங்கள், பூமீஸ்வரர் கோயில் போன்ற கற்கட்டடங்கள். ஆக, வரைபடத்தில் ஊரும் சாலையும் புள்ளிகளால் நிறைந்திருக்கும். உப்பளமும் கழுவெளியும் வெற்றிடமாக இருக்கும். வெற்றிடத்தைப் 'பாதிப்பு இல்லை' என்று படித்துவிடும் அதிகாரி ஒருவர் போதும், மொத்த முயற்சியும் தலைகீழாக.

இரண்டாவது, ஈரம் ஏமாற்றும். 1978இல் பறந்த சீசாட் கோளின் படங்களைக் கொண்டு கேப்ரியல், கோல்ட்ஸ்டைன், செபக்கர் மூவரும் 1989இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வே இதற்குச் சாட்சி. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பாசனம் பெற்ற வயல்கள் ஈரத்தால் உப்பியதை அவர்கள் கண்டார்கள். களிமண் நனைந்தால் எழும், காய்ந்தால் இறங்கும். சித்திரை வெயிலில் ஒருமுறையும் கார்த்திகை மழையில் ஒருமுறையும் எடுத்த இரண்டே படங்களைப் பக்கத்தில் வைத்தால் மரக்காணம் உயர்ந்துவிட்டதாகக்கூட நிரூபிக்கலாம். பல ஆண்டுப் போக்கைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவது, ஆழமான அடித்தூண்களில் நிற்கும் கட்டடமும் பாலமும் கீழே உறுதியான அடுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் மேல்மண் இறங்கினாலும் அவை இறங்கா. ராடார் கட்டடத்தையே பார்ப்பதால் 'நிலையாக இருக்கிறது' என்று எழுதும்.

நான்காவதுதான் இந்தக் கரைக்கு முக்கியமானது. கடல்நீர் ஊடுருவலுக்கு நிலம் தாழ வேண்டிய கட்டாயமில்லை. கரையோர மணலில் நன்னீர், எடை கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. டச்சுப் பொறியாளர் பாடன் கைபன் 1880களின் இறுதியிலும் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். அந்த ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால், கீழே 40 மீட்டரையும் உப்புநீர் பிடித்துக்கொள்ளும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நடந்தது இதுதான். நகரக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் இறைத்ததில் 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே இருந்த உவர்நீர், 1983இல் 9 கி.மீ. வரை நகர்ந்துவிட்டது. நிலம் தாழ்ந்ததா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கும் முன்பே கிணறு உவர்த்துவிட்டது.

எனவே விதி இப்படி: பல ஆண்டுப் போக்கில் ராடார் தாழ்வைக் காட்டினால் ஆபத்து உறுதி, காட்டாவிட்டால் நலம் உறுதி அல்ல. மணல் மிகுந்த இடத்தில் கடல் உள்ளே வரும், தரை அசையாது. களி மிகுந்த இடத்தில் தரை இறங்கும், மேல்கிணற்றில் நீர் இருக்கும். முதலாவதை உப்புத்தன்மை அளவீடு பிடிக்கும். இரண்டாவதை ராடார் பிடிக்கும். மரக்காணத்தின் அடியில் மணலும் களியும் மாறிமாறி இருப்பதால் இரண்டும் வேண்டும்.

படித்ததைப் பயன்படுத்திய இடமும், மூடிவைத்த இடமும்

தரவு இருப்பது ஒன்று, அதற்குக் கட்டுப்படுவது வேறொன்று. கலிபோர்னியா 2014இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்தது. தவிர்க்க வேண்டிய ஆறு கேடுகளை அது வரிசைப்படுத்துகிறது. நீர்மட்டச் சரிவு, கடல்நீர் ஊடுருவல் ஆகியவற்றோடு நிலத் தாழ்வும் அதில் ஒன்று. மாநில நீர்வளத் துறை 2015 முதலான ராடார் அளவீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது. உள்ளூர் நீர் அமைப்புகள் தங்கள் பகுதி தாழ்வதைக் கட்டுப்படுத்தத் திட்டம் காட்டத் தவறியதால், டுலாரி ஏரிப் படுகையை 2024இல் மாநில வாரியம் தன் நேரடிக் கண்காணிப்பில் கொண்டுவந்தது. போலண்ட் நின்ற பள்ளத்தாக்கின் தென்பகுதி அது. அங்கே சட்டம் வந்து சேர, படம் எடுத்து 37 ஆண்டுகள் ஆயின.

நம் பக்கம் 2023 ஜனவரியில் இமயமலை நகரமான ஜோஷிமத்தின் வீடுகளில் விரிசல் விழுந்தபோது, அந்நகரம் 12 நாளில் 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சில நாளில் அது இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஊடகங்களோடு தரவைப் பகிர வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பீதியைத் தவிர்ப்பது காரணமாகச் சொல்லப்பட்டது. விரிசல் விட்ட சுவரோடு குடியிருப்பவரிடம் அளவை மறைப்பதால் பீதி குறைவதில்லை.

தமிழகம் 2003இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றியது. முழுதாக நடைமுறைக்கு வராமலே 2013இல் அது நீக்கப்பட்டது. சென்னைப் பெருநகருக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம் மரக்காணம்வரை எட்டாது.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. முதல் வேலை, பழையதைப் படிப்பது. சென்டினல் படங்கள் பத்தாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கின்றன. மரக்காணம் முதல் வானூர், புதுச்சேரி வரையிலான கரைக்கு அவற்றை அடுக்கிக் கணக்கிட்டு, எங்கே அசைவு, எங்கே நிலை, எங்கே தகவலே இல்லை என்று மூன்று நிறத்தில் ஓர் அடிப்படை வரைபடம் வேண்டும். மூன்றாவது நிறம் கட்டாயம். தரமணியில் இருக்கும் மாநில நிலத்தடி, மேற்பரப்பு நீர்வளத் தரவு மையம் தமிழகப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து செய்யக்கூடிய அளவு வேலை இது. புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி என்பதற்காக வரைபடம் எல்லையில் நின்றுவிடக் கூடாது. மணற்கல்லுக்கு எல்லை தெரியாது.

இரண்டாவது, குருட்டு இடத்துக்குக் கண் கொடுப்பது. மூன்று உலோகத் தகடுகளைச் செங்கோணத்தில் பொருத்திய எதிரொளிப்பான்களைக் கான்கிரீட் மேடையில் நட்டால், உப்பளத்தின் நடுவிலும் ராடாருக்கு நிலையான ஒரு புள்ளி கிடைக்கும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடிய பொருள். எத்தனை ஆழத்தில் ஊன்றுகிறோம் என்பதைப் பதிந்துவைக்க வேண்டும். மேல்மண்ணின் தாழ்வும் அடியடுக்கின் தாழ்வும் அப்போதுதான் பிரிந்து தெரியும். சரிபார்ப்புக்கு இரண்டொரு இடங்களில் நிரந்தர ஜி.பி.எஸ். நிலையம்.

மூன்றாவது, ஒவ்வொரு நீரடுக்குக்கும் தனித்தனிக் கண்காணிப்புத் துளை. அதில் நீர்மட்டத்தோடு உப்புத்தன்மையும் தானாகப் பதிவாக வேண்டும். ராடார் சொல்வதை இந்தத் துளைகளோடு ஒப்பிட்டால்தான், தாழ்வு மீளக்கூடிய பருவகால அசைவா, மீளாத இறுக்கமா என்று பிரித்தறியலாம். நீர் ஏறும்போது நிலமும் எழுந்தால் களி இன்னும் தாங்குகிறது. நீர் ஏறியும் நிலம் எழாவிட்டால் எல்லை கடந்துவிட்டது.

நான்காவதே கடினமானது: எண்ணுக்கு ஒரு விளைவு இருக்க வேண்டும். ஓர் இடம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்தால், அந்த அடுக்கில் புதிய வணிகத் துளைக்கு அனுமதி இல்லை. பெரிய நீரெடுப்பவருக்கு மீட்டர் கட்டாயம். அந்த ஏரித்தொடரின் தூர்வாரலுக்கு முன்னுரிமை என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கட்டுப்பாடு மேலிருந்து தொடங்க வேண்டும். நூறு அறை விடுதிக்கும் ஒரு ஏக்கர் மணிலாவுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், முதலில் காய்வது மணிலாதான். உப்பளத் தொழிலாளிக்கு ஆழ்துளையும் இல்லை, விடுதியும் இல்லை. ஆனால் கரை இறங்கினால் முதலில் வேலை போவது அவருக்கு.

ஐந்தாவது, முடிவுகள் தமிழில், ஊராட்சிவாரியாக, கிராமசபையில் வாசிக்கத்தக்க வடிவில் வெளிவர வேண்டும். ஏரி நீரைப் பங்கிட்டு வாழ்ந்த ஊர்களுக்கு மட்டம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. எண் கிடைத்தால் போதும்.

மீஞ்சூரில் உவர்நீர் உள்ளே வந்தபோது இப்படியொரு கருவி இல்லை. வெனிஸில் தரை இறங்கியபோதும் இல்லை. மரக்காணத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. தரவு 12 நாளுக்கு ஒருமுறை சேர்ந்துகொண்டே இருக்கிறது; நாம் படிக்கிறோமோ இல்லையோ, தேதியோடு பதிவாகிறது. நாளை இந்தக் கரையில் ஏதாவது ஓர் ஊர் தாழ்ந்திருப்பது தெரியவந்தால், எந்த ஆண்டில் தொடங்கியது, எப்போதே தெரிந்திருக்கலாம் என்பதையும் அதே பதிவு சொல்லிவிடும். அன்று நிலத்தை மேலே தூக்க எந்தத் திட்டமும் உதவாது. இறைப்பைக் குறைக்க இன்று ஒரு திட்டம் உதவும்.